அரசாங்க ஏடுகளும் குடிகளின் உரிமையும்

தோற்றுவாய்

அரசு என்பது எழுதிக்கொண்டேயிருக்கும் ஓர் அமைப்பு. பிறந்தவன் பெயரை எழுதுகின்றது. இறந்தவன் பெயரை எழுதுகின்றது. காணியின் எல்லையை எழுதுகின்றது. இறுத்த வரியையும் இறாத வரியையும் எழுதுகின்றது. இங்ஙனம் எழுதப்படுவன யாவும் குடிகளைப் பற்றியன. குடிகள் இறுத்த பொருளைக் கொண்டே எழுதப்படுவன. ஆயினும், அவ்வேட்டைத் திறந்து பார்க்கும் உரிமை குடிகளுக்கு உண்டோ என்னும் வினா எழுந்தவிடத்து, அரசுகள் நெடுங்காலமாக அளித்துவந்த விடை "இல்லை" என்பதேயாம். அவ்விடை எவ்வாறு "உண்டு" என மாறிற்று, அம்மாற்றத்தில் நீதிமன்றத் தீர்ப்புகள் ஆற்றிய பணி யாது, யாழ்ப்பாணத்தாராகிய நமக்கு அதில் உள்ள பங்கு யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருள் சட்ட வல்லுநர்க்கு மாத்திரம் உரியதெனக் கருதுவார் உளர். தெல்லிப்பழையிலும் அதனைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கின் ஊர்களிலும் வாழ்ந்து, 1990ஆம் ஆண்டில் வீடு வாசலை விட்டுப் பெயர்ந்தவர்களைக் கேட்டால் அவ்வாறு கூறார். அவர்களுக்கு ஓர் ஏட்டின் பக்கம் என்பது தம் வளவின் வேலியை ஒத்தது.

தோம்பும் தேசவழமையும்

யாழ்ப்பாண இராச்சியம் 1619ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் வசமாயிற்று. வந்தவர்கள் முதலில் செய்த வேலைகளுள் ஒன்று, எவ்வூரில் எவரிடமிருந்து எவ்வளவு இறை பெறலாம் என்பதைக் கணக்கிட்டு எழுதியமையாகும். 1658இல் அவர்களை வென்று வந்த ஒல்லாந்தர் அவ்வழக்கத்தைப் பின்னும் விரிவாக்கினர். காணித் தோம்பு, தலைத் தோம்பு, பாடசாலைத் தோம்பு எனப் பலவகைத் தோம்புகள் எழுந்தன. இன்றும் நம் முதியோர் காணி வழக்கைப் பற்றிப் பேசுங்கால் "தோம்பிலே உள்ளபடி" என்று கூறுதல் அக்காலத்தின் எதிரொலியே. இவையெல்லாம் ஆள்வோர் தம் தேவைக்காக எழுதிக்கொண்டவை. வரி இறுப்பவன் தன் பெயர் அங்கு எழுதப்பட்டிருப்பதை அறிவான். எங்ஙனம் எழுதப்பட்டுள்ளது என்று கேட்கும் உரிமை உடையவனல்லன்.

இதற்கு மாறாக ஒரு நிகழ்ச்சியும் அக்காலத்திலேயே நிகழ்ந்தது. 1706ஆம் ஆண்டில் ஒல்லாந்தத் தேசாதிபதி கொர்னேலிஸ் யோவான் சீமொன்ஸ் என்பவர், யாழ்ப்பாணத்து மக்களின் வழக்காறுகளைத் தொகுத்துத் தருமாறு திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரைப் பணித்தார். ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்து பழகிய ஐசாக்ஸ், 1707ஆம் ஆண்டு தை மாதத்தில் அப்பணியை முடித்தார். அதன் பின் செய்யப்பட்டதே நாம் கவனிக்க வேண்டியது. அவ்வேடு தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமார் முன்னிலையில் வைக்கப்பட்டது. அவர்கள் படித்துப் பார்த்து, உள்ளது உள்ளவாறே எழுதப்பட்டுள்ளதென உடன்பட்ட பின்னரே அது தேசவழமை என நிலைபெற்றது. பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில், 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால், அதற்குச் சட்ட வலு அளிக்கப்பட்டது.

மக்களைப் பற்றி எழுதப்பட்ட ஏடு மக்களிடமே காட்டப்பட்டுச் சரி பார்க்கப்பட்டமைக்கு இது சிறந்த சான்று. ஆயினும் மிகைபடக் கூறுதல் வரலாற்றாசிரியனுக்கு அழகன்று. பன்னிரு முதலிமாரே யாழ்ப்பாணத்து மக்கள் அனைவரும் ஆகார். கமக்காரனையும் கடற்றொழிலாளியையும் பெண்களையும் அடிமைகளாய் வைக்கப்பட்டிருந்தோரையும் எவரும் கேட்டிலர். காட்டியமையும் ஆள்வோர் விருப்பத்தால் நிகழ்ந்ததே. விருப்பத்தால் தருவது கொடை; கேட்டுப் பெறுவதே உரிமை. கொடையாய்த் தொடங்கியது உரிமையாய் வளர்தற்கு இருநூற்றாண்டுகளுக்கு மேல் சென்றன.

அமைச்சரின் சொல்

ஐரோப்பாவிலே சுவீடன் நாடு 1766ஆம் ஆண்டிலேயே அரசாங்க ஆவணங்களைக் குடிகள் பார்வையிடலாம் எனச் சட்டம் இயற்றியது. அது தனித்த விளக்காகவே நெடுங்காலம் எரிந்தது. நம் நாட்டுக்கு முன்மாதிரியாயிருந்த இங்கிலாந்து, மறைத்தலையே விதியாகக் கொண்டது. அதனைத் தெளிவாகக் காட்டும் வழக்கொன்று உண்டு.

1939ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் "தெற்றிஸ்" என்னும் நீர்மூழ்கிக் கப்பல் வெள்ளோட்டத்தின்போது மூழ்கிற்று. தொண்ணூற்றொன்பது பேர் மாண்டனர். இறந்தோரின் உறவினர், கப்பலைக் கட்டிய கம்பனியார்மீது வழக்குத் தொடுத்து, கப்பலின் அமைப்பைக் காட்டும் ஆவணங்களைக் கேட்டனர். கடற்படை அமைச்சு, அவற்றை வெளியிடுதல் நாட்டு நலனுக்குத் தீங்காகும் என்றது. 1942இல் பிரபுக்கள் சபை அமைச்சரின் சொல்லே முடிந்த முடிபு எனத் தீர்ப்பளித்தது. போர்க்காலத்தில் கூறப்பட்ட அத்தீர்ப்பு, போர் முடிந்த பின்னும் கால் நூற்றாண்டு நின்றது. 1968ஆம் ஆண்டிலே, நன்னடத்தைக் காலத்தில் இருந்த பொலிசு உத்தியோகத்தர் ஒருவர் தொடுத்த வழக்கிலேயே அது மாற்றப்பட்டது. ஆவணத்தைக் காட்டலாமா, மறைக்கலாமா என்பதை நீதிமன்றமே பார்வையிட்டுத் தீர்மானிக்கும் என அதே பிரபுக்கள் சபை கூறிற்று. எதிர்வாதியே தன் வழக்குக்கு நீதிபதியாய் இருத்தல் தகாது என்னும் எளிய நியாயம் நிலைபெற இருபத்தாறு ஆண்டுகள் வேண்டியிருந்தன.

அயல்நாடாகிய பாரதத்தில் இந்நியாயம் மேலும் ஓர் அடி முன்னேறிற்று. உத்தரப் பிரதேசத்து ராஜ் நாராயண் என்பவர், தாம் தோல்வியுற்ற ராய் பரேலித் தேர்தலைப் பற்றி இந்திரா காந்திக்கு எதிராகத் தொடுத்த மனுவில், பிரதமரின் பயணப் பாதுகாப்பு விதிகள் அடங்கிய "நீலப் புத்தகம்" என்னும் ஏட்டைக் கேட்டார். 1975இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவ்வேட்டை உடனே காட்டுமாறு பணிக்கவில்லை. உரியவாறு ஆராய்ந்து தீர்மானிக்குமாறு வழக்கைத் திருப்பி அனுப்பிற்று. ஆயினும் நீதியரசர் மத்தியூ, பொதுப் பணியாளர் பொதுமுறையிற் செய்யும் ஒவ்வொன்றையும் அறியும் உரிமை மக்களுக்கு உண்டு என்னும் கருத்தை எழுதிவைத்தார். 1981இல் நீதிபதிகளின் நியமனம் பற்றிய வழக்கில், சட்ட அமைச்சருக்கும் நீதியரசர்களுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தையே வெளியிடுமாறு அந்நீதிமன்றம் பணித்தது. நீதியரசர் பகவதி, அறியும் உரிமை பேச்சுரிமையினுள் அடங்கியது என விளக்கினார். சட்டம் பின்னரே வந்தது. இந்திய மாநிலங்களுள் முதன்முதலாகத் தமிழ்நாடு 1997இல் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. பாரத நாடு முழுவதற்குமான சட்டம் 2005இல் நடைமுறைக்கு வந்தது.

யாழ்ப்பாணத்து வாரப் பத்திரிகையொன்றின் வழக்கு

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, 14ஆம் உறுப்புரையால் பேச்சுச் சுதந்திரத்தையும் வெளியீட்டுச் சுதந்திரத்தையும் வழங்கிற்று. தகவல் அறியும் உரிமையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருந்திலது. அச்சொல்லை நீதிமன்றம் தேடத் தொடங்கிய வழக்குகளுள் முந்தியது யாழ்ப்பாணத்திலிருந்து சென்றது என்பதை நம் மாணவர் பலர் அறியார்.

1982ஆம் ஆண்டு தொடக்கம் "சற்றடே றிவியூ" என்னும் ஆங்கில வாரப் பத்திரிகை யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்தது. முந்திய ஆண்டிலேதான், வைகாசி முடிந்து ஆனி பிறந்த இரவில், யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியுண்டது. தமிழர் நிலையைப் பிற மொழியாளர்க்கு எடுத்துரைக்க எழுந்த அப்பத்திரிகை, 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ்த் தடைசெய்யப்பட்டு, அச்சகமும் முத்திரையிடப்பட்டது. அத்தடையை எதிர்த்து உயர் நீதிமன்றத்திலே தொடுக்கப்பட்டதே விசுவலிங்கம் எதிர் லியனகே என்னும் வழக்காகும்.

1984இல் வந்த தீர்ப்பிலே மனுதாரர் வெற்றி பெறவில்லை. தடை செல்லும் என்றே நீதிமன்றம் கூறிற்று. ஆயினும், பேசுவோன் எழுதுவோன் உரிமை மாத்திரமன்று, கேட்போன் படிப்போன் உரிமையும் பேச்சுச் சுதந்திரத்தினுள் அடங்கும் என்னும் கருத்தை அவ்வழக்கிலே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பத்திரிகை தோற்றது, வாசகன் வென்றான். தோற்ற வழக்கொன்றின் தீர்ப்பிலே கிடந்த அவ்வித்து, பின்னர் நாடு முழுவதற்கும் நிழல் தரும் மரத்தின் முதல்களுள் ஒன்றாயிற்று.

வானொலியும் காலிமுகத்திடலும்

அவ்வித்து முளைத்தது 1996ஆம் ஆண்டிலே. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் நடத்திவந்த முறைசாராக் கல்வி நிகழ்ச்சியொன்று திடீரென நிறுத்தப்பட்டது. அந்நிகழ்ச்சியைக் கேட்டும் அதிற் பங்குபற்றியும் வந்த பெர்னாண்டோ என்பவர் உயர் நீதிமன்றத்தை நாடினார். நீதியரசர் மார்க் பெர்னாண்டோ நுண்ணிய வேறுபாடொன்றைக் காட்டினார். வெறுமனே தகவல் அறியும் உரிமை பேச்சுச் சுதந்திரத்தின் பகுதியன்று; அது 10ஆம் உறுப்புரை காக்கும் சிந்தனைச் சுதந்திரத்தோடு சேர்த்து எண்ணத்தக்கது. ஆனால் பங்குபற்றும் கேட்போனாகிய மனுதாரரின் பேச்சுரிமை மீறப்பட்டுள்ளது. இங்ஙனம் தீர்ப்பு மனுதாரர்க்குச் சார்பாயிற்று. அறியாதவன் சிந்தித்தல் எங்ஙனம் என்னும் வினா அத்தீர்ப்பின் அடியில் நிற்கின்றது.

மரம் கிளைவிட்டது 2005ஆம் ஆண்டிலே. கொழும்புக் காலிமுகத்திடல், தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1859இல் நகர மக்களின், சிறப்பாகப் பெண்கள் குழந்தைகளின், உலாவிடமாக ஒழுங்குசெய்து விட்டது. அவ்வெளியைத் தனியார் நிறுவனமொன்றின் பொறுப்பிலே பெரும் பொழுதுபோக்கு நிலையமாக்கும் ஏற்பாடொன்று நடைபெறுவதாகச் செய்தி பரவிற்று. சுற்றாடல் காப்பு நிறுவனமொன்று அந்த ஒப்பந்தத்தின் விவரத்தை நகர அபிவிருத்தி அதிகார சபையிடம் கேட்டது, சபை மறுத்தது. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. பிரதம நீதியரசர் சரத் என். சில்வா, பேச்சுச் சுதந்திரம் பயனுடையதாக வேண்டுமாயின், பொதுமக்கள் அறியத்தக்க விடயங்களைப் பற்றிய தகவலைப் பகிரங்க அதிகாரசபையிடமிருந்து பெறும் உரிமையும் அதனுள் உள்ளுறையாக அடங்க வேண்டும் எனத் தீர்த்தார். காரணமின்றி மறுத்தமை அடிப்படை உரிமை மீறல் ஆயிற்று.

இம்மூன்று தீர்ப்புகளையும் ஒருசேர நோக்குவோர் ஒரு வளர்ச்சியைக் காண்பர். 1984இல் படிப்பவன் உரிமை ஏற்கப்பட்டது. 1996இல் பங்குபற்றிக் கேட்பவன் உரிமை காக்கப்பட்டது. 2005இல், பிறர் வெளியிடுவதைப் பெறுதல் என்னும் நிலை கடந்து, அரசின் கையிலிருப்பதைக் கேட்டு வாங்கும் உரிமை பிறந்தது.

சட்டம் வந்த வரலாறு

நீதிமன்றம் வழிகாட்டியும் பாராளுமன்றம் விரைந்து நடந்திலது. 2004இல் அமைச்சரவை ஏற்ற மசோதா, பாராளுமன்றம் கலைக்கப்பட்டமையால் மடிந்தது. 2011இல் கரு ஜயசூரிய கொணர்ந்த தனிநபர் மசோதா தோற்கடிக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டின் 19ஆவது திருத்தம், 14அ என்னும் புதிய உறுப்புரையால், தகவலைப் பெறும் உரிமையை அடிப்படை உரிமையாக்கியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் அவ்வாண்டு ஓகஸ்ட் 4ஆம் நாள் சான்றுப்படுத்தப்பட்டது. சான்றுப்படுத்திக் கையொப்பமிட்ட சபாநாயகர், ஐந்தாண்டுகளுக்கு முன் தோற்ற அதே கரு ஜயசூரிய ஆவார். 2017 பெப்ரவரி 3ஆம் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மேன்முறையீடுகளை விசாரிக்க ஐவர் கொண்ட ஆணைக்குழு அமைந்தது. ஆய்வாளர் கலாநிதி செல்வி திருச்சந்திரன் அதன் முதல் உறுப்பினர்களுள் ஒருவர்.

இச்சட்டத்தின் நடைமுறையை மாணவர் மனங்கொள்ளுதல் நன்று. இந்நாட்டின் பிரசை எவரும் உரிய அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கின்றீர் என வினவ அலுவலர்க்கு உரிமையில்லை. எழுத இயலாதவர் வாயாற் கூறினால் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். பதினான்கு வேலை நாட்களுள் தருவதா மறுப்பதா என்னும் முடிவு அறிவிக்கப்பட வேண்டும். மறுத்தால் பதினான்கு நாட்களுள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் இரண்டு மாதத்துள் ஆணைக்குழுவிடமும், அதன் பின் ஒரு மாதத்துள் மேன்முறையீட்டு நீதிமன்றத்திடமும் முறையிடலாம். தேசியப் பாதுகாப்பு, பிறர் அந்தரங்கம் முதலியன விலக்குகள். ஆனால் வெளியிடுதலால் விளையும் பொது நன்மை தீங்கினும் பெரிதாயின், விலக்குக்கு உட்பட்டதையும் வெளியிட வேண்டும். ஆணைக்குழுவின் முன்னர், மறுத்தமை நியாயமெனக் காட்டும் சுமை அரசின்மீதே உள்ளது. 1942இல் அமைச்சரின் ஒரு சொல் போதியதாயிருந்ததை எண்ணிப் பார்க்குங்கால் எத்துணைத் தொலைவு வந்துள்ளோம் என்பது புலனாகும்.

எனினும் சட்டம் தானாக நடப்பதன்று. சொத்து விவரங்களைச் சமர்ப்பித்த பாராளுமன்ற உறுப்பினர் யாவர் என ஒரு பத்திரிகையாளர் 2018இல் கேட்டார். அவர் கேட்டது சொத்து விவரத்தையன்று. சமர்ப்பித்தோர் பெயர்ப் பட்டியலையே. பாராளுமன்றச் செயலகம் மறுத்தது. 2021இல் ஆணைக்குழு கொடுக்குமாறு பணித்தது. 2023இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அப்பணிப்பை உறுதிசெய்தது. ஒரு பெயர்ப் பட்டியலுக்கு ஐந்தாண்டுகள் சென்றன. சட்டம் இயற்றிய சபையே அச்சட்டத்துக்குத் தலைவணங்க அத்துணைக் காலம் பிடித்தது என்பதும் வரலாற்றிற் பதியத்தக்கதே.

வலிகாமம் வடக்கின் பாடம்

இவையெல்லாம் தெல்லிப்பழைக்கு எவ்வாறு பொருந்தும்? 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். பலாலியைச் சூழ்ந்த ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. 2013இல், 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவின் கீழ், 6,381 ஏக்கர் நிலம் பொதுத் தேவைக்கு வேண்டப்படுகின்றதென அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்னும் நம் கணக்கில் அது ஓரிலட்சத்து இரண்டாயிரம் பரப்புக்கு மேலாகும். ஆயிரத்துக்கு மேற்பட்ட உரிமையாளர் நீதிமன்றத்தை நாடினர். 2015 தொடக்கம் நிலங்கள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன; எல்லாம் விடுவிக்கப்படவில்லை.

இங்கு இருவகை ஏடுகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஒருவகை, உறுதிகளும் அவற்றின் பதிவுகளும். நொத்தாரிசு எழுதிய உறுதியின் இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்குச் செல்லும். 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, கட்டணம் செலுத்துவோர் அப்பதிவுகளைத் தேடிப் பார்க்கலாம். இடம்பெயர்ந்து ஓடுகையில் உறுதியை இழந்தோர் பலர் இவ்வழியாலேயே தம் உரித்தை நிலைநாட்டினர். மற்றொருவகை, அரசாங்கக் கோப்புகள். இன்ன காணி எதற்காக வேண்டப்பட்டது, எவர் கேட்டார், எந்த நில அளவைப் படத்தின்படி எல்லை குறிக்கப்பட்டது என்பன அவற்றுள் உள்ளன. முன்னையது எக்காலமும் திறந்திருந்தது. பின்னையது பூட்டியே இருந்தது. உரித்தை நாட்டுவதற்கு முன்னையது போதும். அவ்வுரித்து ஏன் மறுக்கப்படுகின்றது என்பதை அறிவதற்குப் பின்னையதே வேண்டும். புதிய சட்டம் திறந்தது இவ்விரண்டாவது பூட்டை.

என் அயலில் வாழும் பெரியவர் ஒருவர், எண்பதைக் கடந்தவர், தம் பத்துப் பரப்பு வளவைப் பற்றி ஓர் அலுவலகத்திற் பலமுறை வாய்மொழியாய்க் கேட்டார். "கோப்பு இங்கில்லை, ஐயா" என்பதே ஒவ்வொரு முறையும் விடை. அவர் பொருட்டு நான் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். பதினான்கு வேலை நாட்கள் கழிந்தும் மறுமொழி வரவில்லை. முறையீடு செய்தோம். இரண்டு பக்கக் கடிதம் ஒன்று, நில அளவைப் படத்தின் இலக்கத்தோடு வந்து சேர்ந்தது. இல்லையென்ற கோப்பு இருந்திருக்கின்றது. அக்கடிதத்தால் அவர் வளவு திரும்பவில்லை என்பதையும் மறையாது கூற வேண்டும். ஆயினும் பெரியவர் அதனைத் தம் பழைய உறுதியின் பிரதியோடு ஒரே உறையில் இட்டு வைத்துள்ளார். "இவ்வளவு காலமும் யாரோடு வழக்காடுறது எண்டே தெரியாமல் இருந்தன், மாஸ்டர், இப்ப தெரியுது" என்றார். தகவல் உரிமையின் பயனையும் எல்லையையும் இதனினும் தெளிவாக நான் எந்நூலிலும் கண்டிலேன்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், அரசாங்க ஏட்டைப் பார்க்கும் உரிமை எவரும் ஒரே நாளில் ஈந்ததன்று என்பது பெறப்படும். கணவனை இழந்தோர், பத்திரிகை வாசகர், வானொலி கேட்போர், பொது வெளியொன்றைக் காக்க விரும்பியோர் எனச் சாதாரண மக்கள் கேட்டமையால் அது வளர்ந்தது. கேட்டவர் சிலர் தோற்றனர். தோற்றவர் வழக்கின்மீதே பின்வந்தவர் வெற்றி நின்றது.

உரிமைக்கும் ஓர் அடிநிலை வேண்டும். அது ஏடு அழியாதிருத்தல். எரிந்த நூலகத்தின் சாம்பலிடம் விண்ணப்பிக்க எச்சட்டமும் வழி கூறாது. ஆதலின் தம் வீட்டிலுள்ள உறுதி, பிறப்புப் பத்திரம், பழைய வரிச் சிட்டை, கோயிற் கணக்கு, பாடசாலை இடாப்பு என்பவற்றைப் பேணுதலும், அரசின் கையிலுள்ளதைக் கேட்டுப் பெறுதலும் ஒரே கடமையின் இரு பகுதிகளாம். மாணவர்கள் தம் ஊர்க் குளம், வீதி, வாசிகசாலை, பாடசாலை ஆகியவற்றைப் பற்றிய ஒரு வினாவையேனும் முறைப்படி எழுதி அனுப்பிப் பழகுவாராக. பன்னிரு முதலிமார் தம் முன் வைக்கப்பட்ட ஏட்டைப் படித்துச் சரி பார்த்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாயின. அப்பணி இன்று இந்நாட்டுப் பிரசை ஒவ்வொருவருக்கும் உரியது. அதனைச் செய்யாது விடுவோமாயின், நம்மைப் பற்றி எழுதப்படுவதைப் பிறரே படித்துப் பிறரே உடன்படுவர்.